புழுவெட்டும் பூ வைக்கும் நாளும்

கரிசலாங்கண்ணியில் முடி வளருமா என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. ஓசூரில் மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. பாகலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ். முடியின் வேரடியில் சின்னக் கொத்தாகச் சில செல்கள் இருக்கும்; வளரு, நில்லு என்று முடிக்குக் கட்டளை போடுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றைத் தட்டில் வளர்த்து, செடியிலிருந்து பிரித்த பொருளைச் சொட்டு விட்டு, பெருகுகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அளவாக விட்டால் சில சமயம் பெருகும். கூடிப்போனால் அத்தனையும் செத்து மிதக்கும்.

இந்த வேலை பார்க்கிறவளுக்குத்தான் புழுவெட்டு வந்தது. உச்சிக்குச் சற்றுப் பின்னால், வட்டமாக முடி கொட்டி, வழவழவென்று. கல்யாணம் பேசி முடித்து, பூ வைக்க நாள் குறித்திருந்த நேரம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே முடிவேரைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகின்றன. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவரிடம், வேலை நேரத்தில் போடும் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். "நம்ம சாறையே தடவலாமா சார்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "தட்டுல இருக்கிற செல்லுக்குத் தோலும் கெடையாது, ரத்தமும் கெடையாதும்மா. அங்க பெருகுதுன்னா தலையிலயும் பெருகும்னு நான் எப்பிடிச் சொல்ல? டாக்டரைப் பாரு. வேர் சாவல, தூங்குது. தானாவே முளைச்சாலும் முளைக்கும்."

தோல் டாக்டரும் அதையேதான் சொன்னார். ஊசி போட்டார், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். பூ வைக்கும் நாளோ அடுத்த வாரம்.

"ஊரான் தலைக்கெல்லாம் மருந்து கண்டுபுடிக்கிற, உன் தலைக்கு இல்லையா? நல்லா இருக்குடி உன் உத்தியோகம்" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், குண்டுமணியை அரைத்துப் போடச் சொல்லியிருந்தார். அம்மா அதை அம்மியில் அரைத்து வழித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அது விஷம்மா."

"இன்னாடி விஷம்? நீதான சொன்ன, ஒரு சொட்டுக்கே செல்லு பெருவுதுன்னு. அப்ப அப்பிப் போட்டா இன்னும் சீக்கிரம் வராதா?"

"கூடிப்போனா செத்துரும்னும் சொன்னேனே."

"அது உங்க தட்டுல. இது தலை."

சொல்லிவிட்டு, கல்யாணம் நின்றுபோனால் அப்பா வெளியே தலைகாட்ட முடியாது என்று அழுதாள். அந்த அழுகைக்கு முன்னால் என் படிப்பு எந்த மூலைக்கு? தலையைக் கொடுத்து உட்கார்ந்தேன்; அம்மா அப்பிவிட்டாள். மறுநாள் காலையில் அந்த இடம் கொப்புளமாகப் பொங்கி நீர் வடிந்தது.

பூ வைக்கும் நாளன்று புண்ணை மறைத்துச் சவுரி வைத்துப் பின்னிவிட்டார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் அம்மாதான் பெண்ணுக்கு முதலில் பூ வைக்க வேண்டும். அந்த அம்மா நிறைய மல்லிகைப்பூவோடு என் பின்னால் வந்து நின்று, ஹேர்பின்னை அழுத்திச் சொருகினார். நேராகப் புண்ணில் இறங்கியது. "ஐயோ" என்று துள்ளினேன். பூவும் சவுரியும் சேர்ந்து அவர் கையோடு போயின.

"ஐயய்ய, இன்னாது இது? புண்ணு புடிச்ச தலையை மறைச்சு எங்க வீட்டுக்குத் தள்ளப் பாத்தீங்களா? நாளைக்கு எங்களுக்கும் பொறக்கிற புள்ளைக்கும் ஒட்டிக்கிட்டா?"

ஒட்டுவாரொட்டி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யார் கேட்டார்கள்? அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தார். இலை போட்டிருந்த பந்தியில் ஒருவரும் உட்காரவில்லை. கொண்டுவந்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் வேன் ஏறிப் போனது. அன்றைக்குப் புண்ணைவிட வயிறுதான் எரிந்தது. அத்தனை சோற்றையும் மாட்டுக்குக் கொட்டினோம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் பின்னால் குசுகுசுப்பு. நான் பாட்டுக்கு வேலைக்குப் போனேன், ஊசி போட்டுக்கொண்டேன். புண் ஆறி, மழைக்காலம் முடிகிற சமயம், வழுக்கையில் பூனைமுடி மாதிரி முளை கண்டது. வெள்ளை வெளேரென்று. புழுவெட்டில் திரும்பும் முடி முதலில் அப்படித்தான் வருமாம். பக்கத்து வீட்டு அக்கா குண்டுமணி வேலை செய்துவிட்டது என்றார். அம்மா தன் வேண்டுதல் பலித்தது என்றாள். டாக்டர் ஊசியைச் சொன்னார். எங்கள் சார் மட்டும், "எதுனாலன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். எனக்குப் பிடித்த பதில் அதுதான்.

முடி வந்த செய்தி எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. அவர்களுக்கு வேறு இடம் அமையவில்லை போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவே போன் பண்ணினார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அவங்களா கேட்டு வராங்கடி. வெள்ளைக்கு டை அடிச்சுக்கலாம். நல்ல விதமாப் பேசு" என்று போனை என் கையில் திணித்தாள்.

"இன்னாம்மா, முடி வந்துருச்சாமே?" என்றார் அந்த அம்மா, ஒன்றுமே நடக்காதது போல.

"வந்துருச்சுங்க. உங்களுக்காக வரல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.