ரெஜினா கண்ட மூன்று கொறக்கா மரங்கள்

ரெஜினா இறந்த செய்தி எனக்கு ஆய்வுகூடத்தில்தான் வந்தது. எங்கள் பேராசிரியர் கதவருகே நின்று, "புசல்லாவையிலயிருந்து போன் வந்துச்சு சிவா. காலையில நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டாங்களாம்" என்றார். கையுறையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தேன். முதலில் மனதில் எழுந்தது துக்கம் இல்லை. எத்தனை வீடுகளில் இன்று இவருக்காக அழுவார்கள் என்று நினைத்தேன். நான் போனால் எத்தனை வீடுகளில் அழுவார்கள் என்றும் நினைத்தேன். இதை மறைத்து எழுத மனம் வரவில்லை. பதினோரு ஆண்டுகள் அவரோடு வேலை செய்தேன். பதினோரு ஆண்டுகளும் அவர்மேல் பொறாமையோடுதான் இருந்தேன்.

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுகூடத்தில் கொறக்கா மரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தோம். மீன்குழம்பில் போடுகிறோமே, பழத்தைக் காயவைத்து எடுக்கும் அந்தக் கறுத்த புளியின் மரம். இந்தத் தீவுக்கே உரியது. சில மரங்களில் பழம் சிவப்பு, சிலவற்றில் மஞ்சள். இரண்டு வகையும் மரபணுவில் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதுதான் கேள்வி. ரெஜினா வளவு வளவாக, வீட்டுத் தோட்டம் ஒன்று விடாமல் போய் இலை சேகரித்து வருவார். இலையிலிருந்து மரபணுவைப் பிரித்து ஒப்பிடுவது என் வேலை. நான் கண்டி நகரத்துக் கடைக்காரரின் மகன், பட்டதாரி. அவர் புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, உயர்தரப் பரீட்சை முடித்து, கள உதவியாளராக வந்தவர். என்னைவிட ஒரு வயது இளையவர்.

ஒரு நாள் மேசையில் முப்பது இலைகள் பரப்பியிருந்தன. ரெஜினா பெயர்ச்சீட்டைப் பார்க்காமலே சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார். இரண்டைத் தவிர எல்லாம் சரி. எப்படி என்று கேட்டேன். "அது கெடக்கட்டும். அந்த ரெண்டும் ஏன் தப்பாப்போச்சுன்னு பார்க்கணும்" என்றார். அவரை அந்த இரண்டும் உறுத்தின. என்னை மற்ற இருபத்தெட்டு.

பிறகு கலகெதரவிலிருந்து மூன்று மரங்களின் இலை வந்தது. சிவப்புப் பழ மரங்கள் என்று எழுதியிருந்தார். மரபணுவோ மஞ்சள் வகையோடு போய்ச் சேர்ந்தது. இரண்டு முறை செய்து பார்த்தேன், அதே முடிவு. நேரே பேராசிரியரிடம் போய், "லேபிள் மாறியிருக்கும் சேர். அவசரத்துல பையை மாத்திப் போட்டிருப்பாங்க" என்றேன். என் கையில் எந்த ஆதாரமும் இல்லை. சொன்னபோது எனக்குள் ஒரு சுகம் இருந்தது. இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. பேராசிரியர் யோசித்துவிட்டு, "ரெண்டு பேரும் போய்த் திரும்ப எடுத்துட்டு வாங்க" என்றார்.

கலகெதரவில் அந்த வளவின் சொந்தக்காரர் ஹாஜரா என்ற முஸ்லிம் பெண்மணி. ரெஜினா அவரை அவர்கள் வழக்கப்படி 'ராத்தா' என்று அழைத்தார். அக்கா என்று அர்த்தம். ராத்தா ரெஜினாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் உட்கார வைத்தார். பிறகு என்னைக் காட்டி அவரிடம், "மகளே, இது ஆரு, டிரைவரா?" என்றார். ரெஜினா சிரிக்கவில்லை. "இல்ல ராத்தா. இவரு பார்த்துச் சொன்னாத்தான் நாங்க கொண்டுபோற இலைக்கே மதிப்பு" என்றார். என்னைத் தூக்கி வைத்துப் பேசிய அந்தப் பெருந்தன்மைகூட எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மரங்களிலும் பழம் சிவப்பாகவே தொங்கியது. என் கையாலேயே இலை பறித்து, என் கையாலேயே பெயர் எழுதினேன்.

முடிவு மாறவில்லை. பழத்தின் நிறத்தை வைத்து வகை பிரிக்க முடியாது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் சான்று அந்த மூன்று மரங்கள். கட்டுரை எழுதியபோது பேராசிரியர் ரெஜினாவின் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டார். அன்று மாலை கண்டி பஸ் நிலையத்தில் புசல்லாவை பஸ்ஸுக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"லேபிள் மாறியிருக்கும்னு சொன்னது நீங்கதானே?" என்றார்.

ஆமென்று தலையாட்டினேன்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு சிவா. பழம் சிவப்பு, இலை மட்டும் மஞ்சள் மரத்து இலை மாதிரி இருந்துச்சு. ஒங்ககிட்ட குடுக்கிறதுக்கு முந்தியே லீவு நாள்ல ரெண்டு தடவ போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அதை மனசுல வச்சுக்கிட்டுப் பார்த்திருப்பீங்க."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வேலையைச் சந்தேகிப்பதில்கூட அவர் என்னை முந்தியிருந்தார்.

அடக்கப் பூசை புசல்லாவை மாதா கோயிலில் நடந்தது. மாதா சுரூபத்துக்குக் கீழே பெட்டியை வைத்திருந்தார்கள். தோட்டத்துச் சனத்தோடு, எனக்கு முகம் தெரியாத எத்தனையோ வளவுக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் பயந்தபடியே எல்லாரும் அழுதார்கள். வெளியே ஹாஜரா ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்கதானே சிவா சேர்? ஒங்களப் பத்தி ரெஜினா நெறயச் சொல்லிச்சி. சிவா லேசில ஒத்துக்க மாட்டாராம். அவரு ஒத்துக்கிட்டா அது சரியாத்தான் இருக்குமாம்." அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுவாரம் பேராசிரியர் ரெஜினாவின் களக் குறிப்பேடுகளை என்னிடம் கொடுத்தார். கடைசியாக எழுதிய பக்கத்தில் வத்தேகம வீடு ஒன்றின் விலாசம் இருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்: "பழம் மஞ்சள். இலை இரண்டு வகையிலும் சேரவில்லை. மூன்றாவது வகையோ? சிவா நம்பமாட்டார். அவரையே கூட்டிப்போக வேண்டும்."

போன சனிக்கிழமை தனியாகப் போனேன். மரம் கிணற்றடியில் நின்றது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் கண்ட வித்தியாசம் என் கண்ணில் படவே இல்லை. பழைய பொறாமை அங்கேயும் வந்து நின்றது. அது என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இலைகளைப் பறித்துக் கொண்டுவந்து வேலையைத் தொடங்கியிருக்கிறேன். முடிவு தெரிய இன்னும் சில நாள் ஆகும். அதுவரை அது மூன்றாவது வகை என்று நான் ஒத்துக்கொள்ளப்போவதில்லை. என்னிடம் அவர் மதித்தது இந்த நம்பாத குணம் ஒன்றைத்தான். அதை அவருக்காக வைத்துக்கொள்கிறேன்.