வெல்லத்துக்கு எடுத்த சுகர்

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை, நானும் அதைத் தாங்கவில்லை. ஆர்.கே.பேட்டையை விட்டுக் கிளம்பி செங்கல் சூளை, லாரி கிளீனர், நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணை என்று சுற்றிவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் கும்மிடிப்பூண்டியில் வந்து நின்றேன். இரும்புக் குழாய்க் கம்பெனி ஒன்றில் காண்டிராக்ட் வேலை. மூன்று வருடம் குழாய் அடுக்கும் பலகைகளைத் தோளில் சுமந்தேன். முதுகு போனது. பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கினேன். உட்கார்ந்துகொண்டு சம்பளம் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தச் சீட்டுக்கு ஒரு துணி உறைகூடத் தைத்துப் போட்டிருந்தேன்.

அதற்கு முன்பே திருவள்ளூரில் காய்ச்சலுக்குப் போனபோது ஒரு டாக்டர் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, “சுகர் இன்னும் வரல. ஆனா வாசல்ல நிக்குது, ஜாக்கிரதை” என்றார். வாசலில்தானே நிற்கிறது, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எந்த மெஷினும் ஓடாது. எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து, ஆளுக்கு ஒரு பை பொரி கொடுப்பார்கள். வெல்லம் உடைக்கும் வேலை எனக்கு. மண்டை வெல்லத்தைச் சுத்தியலால் உடைத்து, பொரியிலும் பொட்டுக்கடலையிலும் கலந்து, இருநூறு பை கட்டினேன். எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று மெடிக்கல் கேம்பையும் அன்றைக்கே கேண்டீனில் வைத்திருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் பெரிய வரிசை. நர்ஸம்மா பஞ்சால் பேருக்கு ஒரு தடவு தடவி, சுகர் பார்க்க விரலில் ஊசி குத்தினார். மெஷின் முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

விஷயம் பூஜை முடிவதற்குள் சேஃப்டி ஆபீசருக்குப் போய்விட்டது.

“வண்டி மேல இருக்கச் சொல்ல கண்ணு இருட்டிச்சுன்னா எவன் மேல ஏத்துவ? சாவிய குடு. லேப் ரிப்போர்ட் எட்த்துக்கினு வா, அப்பால பாக்கலாம்.”

மறுநாள் பழையபடி பலகை தூக்கினேன். சும்மா தூக்கவில்லை, தாகத்தோடு தூக்கினேன். மணிக்கு இரண்டு தடவை ஒன்றுக்குப் போனேன். கால் எரிந்தது. இதெல்லாம் அந்த நம்பரைக் கேட்ட பிறகுதான் தொடங்கியது. பேக்கிங்கில் இருக்கும் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

“இன்னா நைனா, மூணு செஞ்சுரி அட்ச்சிட்டியாமே! பார்ட்டி இல்லியா?”

“பேஜாரு பண்ணாத அக்கா. என் சீட்டே பூட்ச்சு.”

“சீட்டு பூட்ச்சுன்னு அழுவுறியா, சுகர் வந்துச்சுன்னு அழுவுறியா?”

சீட்டுக்காகத்தான். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

அடுத்த நாளே புதுவாயலில் ஒரு லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்க உட்கார்ந்திருந்த பெண் கேட்டது.

“வெறும் வயிறா அண்ணா?”

“ஆமாம்மா. ஒரு டீ மட்டும்.”

“சக்கர போட்டா?”

“சக்கர இல்லாத டீய எவன் குடிப்பான்?”

“அப்ப ஊட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வாங்க. எட்டு மணி நேரம் தண்ணி மட்டும்தான். டீயும் நாஷ்டா கணக்குதான்.”

எங்கள் கம்பெனியில் டீயை யாரும் சாப்பாட்டில் சேர்த்ததில்லை. மறுநாள் காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனேன். அந்தப் பெண் குழாயைக் காட்டி, “சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் இல்லாம தொடச்சுக்கினு வாங்க. மொதல்ல விரல்ல பாத்துடறேன், அப்பால நரம்புல எடுக்கறேன்” என்றது.

“கழுவறது எதுக்கு? ஸ்பிரிட் இருக்கே.”

“மாம்பழம் துன்ன கைய ஸ்பிரிட்ல தொடச்சா இனிப்பு பூடுமா? அதோட குத்தினா பழத்துக்கும் சேத்துதான் மெஷின் நம்பர் காட்டும்.”

எனக்குச் சுத்தியலும் மண்டை வெல்லமும் கண்ணில் வந்து நின்றன. இருநூறு பை கட்டிய கதையைச் சொன்னேன். அந்தப் பெண் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தது.

“அய்யோ அண்ணா, அவங்க ஒங்களுக்கா சுகர் பாத்தாங்க? வெல்லத்துக்குப் பாத்திருக்காங்க!”

கழுவிய விரலில் நூற்றுப் பதினாறு. நரம்பில் எடுத்தது நூற்றுப் பதினான்கு. பக்கத்துக் கடையில் நான்கு இட்லி தின்று இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்ததில் நூற்று அறுபது. சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கியபோது, எனக்குச் சுகரே இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

“ரொம்ப ஆடாதீங்க. வெறும் வயித்துல நூறுக்குள்ள இருக்கணும். சாப்ட்டப்பறம் நூத்தி நாப்பதுக்குள்ள. ரெண்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு. இது மூணு மாச சராசரி, ஆறு புள்ளி ஒண்ணு. அஞ்சு புள்ளி ஏழுக்குள்ள இருக்கணும். இதுக்குக் கை கழுவாம வந்தாலும் ஒண்ணுதான், நேத்து பட்டினி கெடந்தாலும் ஒண்ணுதான். இது பொய் சொல்லாது. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

பொய்யான முந்நூறு என்னைப் பலகை தூக்க வைத்தது. நிஜமான ஆறு புள்ளி ஒன்றைப் பார்த்து யாரும் பதறவில்லை, நானும் முதலில் பதறவில்லை. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. சர்க்கரை இல்லாத டீ, சோற்றைப் பாதியாக்கிக் காய், சாப்பிட்டபின் நடை என்றார். கால் எரிச்சலைச் சொன்னேன். அழுத்திப் பார்த்துவிட்டு, “ஷூ சின்னது” என்றார்.

சேஃப்டி ஆபீசர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். வெல்லக் கதையை நானே சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை நீட்டினார்.

“ஓட்டு. ஆனா மூணு மாசம் கழிச்சு அந்த சராசரிய மறுபடி எட்த்துக் காட்டணும். ஏறிச்சுன்னா சீட்டு காலி.”

ஏறி உட்கார்ந்து ஒரு ஹாரன் அடித்தேன். மூன்று மாதம் கழித்து ஓர் இடத்துக்கு வருகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இறால் பண்ணையிலிருந்துகூட நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஓடிவந்தேன். இந்தத் தடவை சரி சார் என்றேன். மத்தியானம் அக்காவிடம் என் சோற்றில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் தன் டப்பாவிலிருந்த முருங்கைக் கீரை முழுவதையும் என் தட்டில் கொட்டினார்.