பள்ளிவாசல் குழாயடியில் காணாமல் போன பிளாஸ்டர்

சிகரட்டை விடச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பற்றவைக்காதவன் வந்து சொன்னால் இன்னும் பிடிக்காது. எங்கள் தெருக் கோழிக்கடைக்காரர் அப்படிப்பட்ட ஆள். தொழுகை வரிசையில் பக்கத்தில் நின்றால் மூக்கைத் தேய்ப்பார். "என்ன மச்சான், இண்டைக்கும் புகையில குளிச்சிட்டா வந்திரிக்கிறாய்?" என்பார். நாள் முழுக்கக் கோழி இறகுக்குள் நிற்கிறவருக்கு என் மணம்தான் பெரிய பிரச்சினை.

அவர் சொல்லி நான் விடவில்லை. குடல் இறங்கியதால்தான் விட்டேன்.

அச்சில் போட்டுச் சீமெந்துக் கல் அரிவது என் தொழில். போன வருடம் அடிவயிற்றில் ஒரு வீக்கம் வந்தது. நின்றால் எலுமிச்சம்பழம், கல்லைத் தூக்கினால் மாம்பழம். ஒப்பரேசன் செய்யாமல் இனிக் கல்லில் கை வைக்கக் கூடாது என்றார்கள். கல் அரியும் வாடியைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தேன். மனைவி தையல் மெசினில் குடும்பத்தை ஓட்டினாள். நான் வீட்டில் இருந்து செய்த வேலை, அவள் தைப்பதில் பிழை பிடிப்பது. இரண்டாவது மாதம் அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஒண்டில் அதை வெட்டிப் போட்டு வேலைக்குப் போங்க. இல்லாட்டி உங்கட உம்மா வீட்டுக்குப் போங்க. இது எனக்குச் சீதனமாத் தந்த வீடு."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அடுத்த நாளே பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் என் இருமலைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். இப்படி இருமினால் தையல் பிரியும், ஒரு மாதம் சிகரட் இல்லாமல் இருந்து காட்டு, பிறகுதான் திகதி என்றார். காட்ட வேண்டியது, அதே ஆஸ்பத்திரியில் சிகரட்டை விட உதவுகிற கிளினிக்கில். அங்கே இருந்தது காரைதீவைச் சேர்ந்த ஒரு தாதி மிஸ். கையில், மூச்சிலுள்ள புகையை அளக்க ஊதுகிற ஒரு மெசின். ஊதினேன். இருபத்திரண்டு.

"ஆறுக்குக் கீழ வரணும் காக்கா" என்றாள், அண்ணன் முறை வைத்து.

"மெசின் பழுது மிஸ். நீங்க ஊதிப் பாருங்க."

ஊதினாள். ஒன்று.

கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய நிக்கொட்டின் பிளாஸ்டர் பெட்டியைக் காட்டினேன். தோலில் ஒட்டினால் சிகரட் ஆசையைக் குறைக்கிற சாமான். மிஸ் பார்த்து, நல்லது, இதையே பாவியுங்கள் என்று சொல்லி, எப்படி ஒட்டுவது என்று விளக்கினாள். அந்த நேரம் பார்த்து ஒருவன் வரிசையைத் தாண்டிக் கதவுக்குள் தலையை விட்டான். அவனோடு சண்டை பிடித்ததில், காலையில் ஒன்று ஒட்ட வேண்டும் என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

மணிக்கட்டில் ஒட்டினேன். ஆசை வந்தால் மணிக்கூடு மாதிரிப் பார்க்கலாம் அல்லவா?

வுழூ எடுக்கும்போதுதான் சிக்கல். தொழுகைக்கு முன் கையைக் கழுவினால் தண்ணீர் தோலில் பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தொழுகைக்கும் பிளாஸ்டரைக் கழற்றிக் குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டுவேன். தொழுதுவிட்டு வந்து திரும்பக் கையில் ஒட்டுவேன். பின்னேர அஸருக்குப் பிறகு அது ஒட்டாது. றப்பர் வளையம் போட்டு இறுக்குவேன். பொழுதுபட்டு மஃரிபு வருவதற்குள் இரண்டு சிகரட் முடிந்திருக்கும். கட்டார்ச் சாமானும் ஏமாற்றுச் சாமான் என்று மகனுக்குப் போனில் ஏசினேன்.

மாத முடிவில் கிளினிக்குக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள், மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் சுவரில் பிளாஸ்டர் இல்லை.

"யாரு என்ட பிளாஸ்டரை எடுத்த?" என்று கத்தினேன்.

பாங்கு சொல்லும் மோதினார் ஓடி வந்தார். "என்ன காயம் காக்கா?"

"காயம் இல்ல. சிகரட்டை விடுறதுக்கு."

"அதுக்கு வாயிலயல்லவா ஒட்டணும்?"

குழாயடி முழுக்கச் சிரித்தது. கோபத்தில் வெளியே போய் அடுத்தடுத்து மூன்று குடித்தேன்.

அடுத்த நாள் காலையில் ஊதினேன். பத்தொன்பது. மிஸ் கொப்பியை மூடினாள். "இன்னும் ஒரு மாசம் போகணும் காக்கா. இதோட டொக்டர் திகதி தரமாட்டார்."

கதவுக்கு வெளியே யாரோ ஓங்காளிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், நோயாளர் வாங்கில் கோழிக்கடைக்காரர். சொப்பிங் பையை வாய்க்குக் கீழே பிடித்தபடி இருந்தார். பெருவிரலில் என் பிளாஸ்டர். அரபு எழுத்தோடு.

"விரல்ல என்ன காக்கா?" என்று மிஸ் கேட்டாள்.

"நேத்துக் கோழி வெட்டக்குள்ள கத்தி பட்டிட்டு மிஸ். பள்ளிப் பைப்படியில ஒரு பிளாஸ்டர் ஒட்டிக் கிடந்திச்சு. யாரோ தர்மத்துக்கு ஸதக்காவா வச்சிரிக்கிற எண்டு நினைச்சன். ராவெல்லாம் தலைச்சுத்து, சத்தி."

"வுழூவுக்குக் கழட்டல்லயா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காயத்துக் கட்டை ஏன் மச்சான் கழட்டணும்? மேலால ஈரக்கையால தடவினாப் போதும்தானே?"

மிஸ் அதைக் கழற்றி, அவர் விரலைக் கழுவி, தண்ணீர் கொடுத்தாள். சரியாகிவிடும், ஆனாலும் டொக்டரிடம் காட்டுங்கள் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவருக்கு இவ்வளவு வேலை செய்த மருந்து உங்களுக்கு ஏன் வேலை செய்யல்ல?"

கழற்றி ஒட்டிய கதையைச் சொன்னேன்.

"வுழூவுக்கு எதுவரைக்கும் கழுவுவீங்க?"

"முழங்கை வரைக்கும்."

"அதுக்கு மேல உங்களுக்குக் கை இல்லையா?"

கோழிக்கடைக்காரர் சத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து மேல்கையில் ஒட்டினேன். காலை முதல் படுக்கும்வரை அது அசையவில்லை. ஆசை வரத்தான் செய்தது. பல்லைக் கடித்தேன், புளிக்கிற தேசிக்காய்த் தோலைக் கடித்தேன். மிஸ் கிழமைக்கு ஒரு தடவை போன் எடுத்து விசாரித்தாள். இரண்டு தரம் அவளிடமும் எரிந்து விழுந்தேன். அவள் கணக்கெடுக்கவில்லை. மாத முடிவில் ஊதினேன். மூன்று.

டொக்டர் திகதி போட்டுத் தந்தார். அந்தத் துண்டுக் காகிதத்தைக் கொண்டுபோய் மனைவியின் கையில் கொடுத்தேன். சந்தோசமாக வாசித்துக்கொண்டு வந்தவள் கடைசி வரியில் நின்றாள்.

"ஒப்பரேசனுக்குப் பிறகு மூண்டு மாசம் பாரம் தூக்கக் கூடாதாம்?"

"ஓம்."

"அப்ப மூண்டு மாசமும் வீட்டிலதானா?"

"ஓம்."

"அல்லாஹ்வே" என்று தையல் மெசினில் தலையைச் சாய்த்தாள்.