பூக்கொடி சுற்றிய படம்

காலை எட்டு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. அரியாலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மகள் படம் வரைந்து கொடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பாளர் பேசினார். காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக வழக்கும் போராட்டமுமாக நிற்கிற சிறிய நிறுவனம் அது. மகள் சத்தத்தைக் கூட்டிவைத்ததில் எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, நேற்றுப் போராட்டத்திலை எல்லாரும் போஸ்டரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை ஒரு அம்மா தன்ரையைச் சுருட்டிக் கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு போயிட்டா. தன்ரை மகனுக்கு நீங்கள் மாலை போட்டிட்டீங்களாம். இனி அவன்ரை படத்தை ஒருதரும் பாவிக்கக் கூடாதாம்."

அது மாலை இல்லை. அந்தத் தாய் கொடுத்த, அவர் மகன் பத்தொன்பது வயதில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து என் மகள் முகத்தை வரைந்து, அதைச் சுற்றி மல்லிகைக்கொடி படர விட்டிருந்தாள். அழுகிற படங்கள் போதும், பார்க்கிறவருக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பது அவள் கட்சி. நானும் அதே கட்சிதான். ஆனால் முதலில் கொடி ஒரு மூலையில் மட்டும்தான் நின்றது. "பூவைக் கொஞ்சம் கூட்டன் பிள்ளை, வெறுமையாய்க் கிடக்கு" என்று சொன்னவள் நான்.

எங்கள் ஊரில் எந்தப் படத்துக்குப் பூச்சுற்றுவார்கள் என்று தெரியாதவளா நான்? அப்பாவின் படத்துக்கும் தம்பியின் படத்துக்கும் நானே மாலை கட்டிப் போட்டிருக்கிறேன். இறந்தவர்களை இறந்தவர்கள் என்று அறிந்த வீடு எங்களுடையது. அறியாத வீட்டின் கண்ணால் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

"உந்தப் படம் கீறுறதை விட்டிட்டு வங்கிச் சோதினையை எடு எண்டு அப்பவே சொன்னனான்," என்றேன். பயம் வந்தால் என் வாயில் வங்கிதான் வரும்.

"வங்கியிலை பிழை விட்டால் வீட்டுக்கு அனுப்புவாங்கள் அம்மா. இங்கை திருத்தலாம்."

அவள் அழவில்லை. அந்த அம்மாவிடம் தன் முகவரியைக் கொடுத்து,  எங்கே வரச் சொன்னாலும் வருவதாகச் சொல்லும்படி பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு கணினியின் முன் இருந்து கொடியை இலை இலையாக அழிக்கத் தொடங்கினாள். அவள் திருத்திவிடுவாள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை. அந்தத் தாய் இனி அவளை நம்புவாரா என்பதுதான் கேள்வி.

பதினொரு மணிபோல் வாசல் படலையடியில் ஓட்டோ ஒன்று நின்றது. கொழும்புத்துறையிலிருந்து அந்தத் தாயே வந்திருந்தார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"உந்தப் படத்தைக் கீறினது நீயோ?" என்று மகளிடம் கேட்டார்.

"ஓம் அன்ரி. பிழை என்ரைதான்."

"பூவைக் கூட்டச் சொன்னது நான்," என்று இடையில் புகுந்தேன்.

"அப்ப தாயும் மோளும் சேர்ந்துதான் என்ரை பிள்ளையைச் சாக்காட்டினியளோ?"

மகள் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கொடி போய், முகம் மட்டும் நின்றது. அவர் கதிரையை இழுத்து அவளருகில் இருந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"முகம் அவன்தான். ஆனா உது சின்னப் பெடியன். இப்ப அவனுக்கு முப்பத்தாறு. தகப்பனுக்கு அந்த வயசிலை காதடியிலை நரைச்சது. அதையும் கீறு பிள்ளை. ஆரும் கண்டால் இவன்தான் எண்டு மட்டுக்கட்ட வேணுமே."