ஒரே சைஸில் இருந்த கோப்புகள்

இன்று வந்த கோபத்தை யார் மேலும் காட்ட முடியவில்லை.

நேற்று என் பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பிட்காயினில் முதல் நாளிலிருந்து நடந்த எல்லாப் பரிமாற்றமும் பதிந்த பிளாக்செயின் அதில்தான் இருந்தது. மானாம்பதியில் கிடைக்கிற நெட்டில் அதை இறக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

புதுக் கம்ப்யூட்டருக்காக மறுபடி இறக்க வேண்டாம் என்று, காலையில் அதையும் ஒரு ஹார்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன்.

"இந்த ஃபோல்டர ஹார்டு டிஸ்க்ல அப்படியே காபி பண்ணிட்டு, பழச ரிப்பேர் பார்த்து ஃபார்மட் பண்ணிடுங்க பாய். தங்கச்சிக்குத் தரணும்."

மாலையில் போனால் பாய் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா தம்பி, ஒரே ஃபைல இத்தினி தபா காபி போட்டு வெச்சிக்கினு கீற? எல்லாம் ஒரே சைஸு, நம்பர் மட்டும்தான் வேற. ஒண்ண வெச்சிட்டு மீதிய தூக்கிட்டேன். டிஸ்க்குல எவ்ளோ எடம் கீது பாரு!"

கல்யாண வீடியோக்களில் இரண்டு மூன்று முறை காபி ஆனவற்றை அப்படி அழித்தே பழகியவர்.

"பழைய கம்ப்யூட்டர்?"

"நீ சொன்னா மாறி ஃபார்மட் பண்ணிட்டேன்."

ஒவ்வொரு கோப்பிலும் இருந்தது வேறு வேறு பரிமாற்றம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எனக்கு டீ சொல்லிவிட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பிரதி இருப்பதால் பிளாக்செயினை யாராலும் அழிக்க முடியாது என்று இந்தக் குழுவில் பெருமையாக எழுதியவன் நான்.

அதில் ஒரு பிரதி காஞ்சிபுரம் பக்கம் யாரிடமாவது இருக்கிறதா? டிஸ்க்கோடு பஸ் ஏறி வருகிறேன். காபியை நானே பண்ணிக்கொள்கிறேன்.