காலர் கஞ்சியும் சுருட்டை முடியும்

சலவைக்கடை இஸ்திரிக்காரருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். எப்பேர்ப்பட்ட சுருக்கமும் தன் கை பட்டால் நிமிர்ந்துவிடும் என்று வாய் கிழியப் பேசுவார். அப்படிப்பட்டவருக்கே தண்ணீர் காட்டியது அவர் மனைவியின் தலைமுடி.

போன வருடம் அவளுக்குப் பொல்லாத வியாதி ஒன்று வந்து, மருந்து ஏற ஏற முடி மொத்தமும் கொட்டிப்போனது. தேறி எழுந்த பிறகு திரும்ப முளைத்தது, ஆனால் பழைய நேர்முடி இல்லை. அவள் எப்போதும் வைத்திருக்கும் கழுத்தளவுக்கு வளர்ந்தும், சுருள் சுருளாக நின்றது. நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. திங்கட்கிழமை திரும்பச் சேர வேண்டும். லீவுக் கடிதத்தில்கூட 'சொந்த வேலை' என்றுதான் எழுதியிருந்தாள், அவ்வளவு அழுத்தக்காரி.

"பழைய மாதிரி இருந்தாதான் போவேன். ஒருத்தர் 'ஐயோ பாவம்'னு பாத்தாலும் என்னால தாங்க முடியாதுங்க."

சூடும் ஆகாது, கெமிக்கலும் ஆகாது, தலைத்தோல் இன்னும் பிஞ்சாக இருக்கிறது என்று நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தார்.

"அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன் விடு" என்றார் மனுஷர்.

ஞாயிறு காலை, சட்டைக் காலருக்குப் போடும் கஞ்சியை இளக்கி அவள் ஈர முடியில் தடவினார். கர்மம்! காய்ந்ததும் முடி குடை மாதிரி விறைத்து நின்றது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

"நான் என்ன உங்க கடைக்கு வந்த சட்டையா?" என்று கேட்டுவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருடமாகக் கேட்காத சிரிப்பு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் புத்தி வந்தது. கம்பளி ஸ்வெட்டரை யாராவது முறுக்கிப் பிழிவார்களா? அலசிய முடியைத் துண்டால் ஒற்றி எடுத்தார். துளி கற்றாழைச் சோறு தடவி, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்தார். தலையைச் சுற்றிப் படிய வைத்து, கிளிப் குத்தி, பருத்தித் துணி கட்டி, ஃபேன் காற்றில் உட்காரவைத்தார். பாதி காய்ந்ததும் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். சாயங்காலம் அவிழ்த்தால் அச்சு அசல் பழைய ஆள்.

திங்கட்கிழமை அவருக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டார். சாயங்காலம் அவள் வந்தாள், தோள்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்னம்மா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுமே சொல்லல. அப்படியே இருக்கீங்களேன்னாங்க. லீவு ஜாலியா போச்சான்னு கேட்டாங்க." குரல் உடைந்தது. "செத்துப் பொழைச்சு வந்திருக்கேங்க. ஜாலியாம்!"

மறைத்தது அவள்தான் என்று சொல்ல வாயெடுத்தவர், முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவள் எழுந்துபோய்க் குழாயடியில் தலையைக் காட்டினாள். நனைந்ததும் முடி பழையபடி சுருண்டுகொண்டது.

"நாளைக்கு இப்படியேதான் போறேன். என்னாச்சுன்னு கேட்டா, சொல்வேன்."

"கேக்கலேன்னா?"

"கேக்கலேன்னாலும் சொல்வேன்."