புதுப் பந்துக்கு உச்சவரம்பு

விதிவிலக்கு இல்லாமல் ஒரு விதியை எழுத செல்லதுரைக்கு வராது. உத்தியோகம் அப்படி. தஞ்சாவூரில் நிலச் சீர்திருத்த அலுவலகத்தில் அவர் எழுத்தர். நாள் முழுக்க அவர் கைவழியே போனவை உச்சவரம்பு நோட்டீஸ்கள். ஒருவர் இத்தனை ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று முதல் வரி கண்டிப்பாகச் சொல்லும். அதற்குக் கீழே கரும்பு நீங்கலாக, தோப்பு நீங்கலாக, தர்மகாரியம் நீங்கலாக என்று ஒரு பக்கத்துக்கு ஓடும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் தொற்றிக்கொண்டது. “இன்னிக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்” என்று மனைவி வள்ளியம்மையிடம் சொல்வார். அவள் அடுப்பை அணைக்கப் போகும்போது, “ரசம் நீங்கலாக” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெண்ணிமங்கலம் கிரிக்கெட் கிளப்பின் விக்கெட் கீப்பர். திருவையாற்றுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் பந்து எழும்பத் தென்னைநார் மேட் விரித்துவிடுவார்கள். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேரும் நாள் வரைக்கும் ஆட்டம். கிளப்பில் ஜூனியர், சீனியர் என்று இரண்டு அணிகள். ஜூனியரில் இருந்து சீனியருக்குப் போவதுதான் அங்கே கஷ்டம், ஏனென்றால் சீனியரில் இருந்து யாரும் எங்கேயும் போவதில்லை. செல்லதுரையே இருபத்தேழு வயது வரை ஜூனியர். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பிள்ளைக்குக் காது குத்தியபோதும் ஜூனியர். பழைய கீப்பரின் முழங்கால் ஒருநாள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான் அவருக்கே வழி பிறந்தது.

இன்னொருவனுக்கும் முழங்கால் பார்த்து வழி பிறக்கட்டும் என்று விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. ஜூனியர் அணியின் பொறுப்பை வலிய வாங்கிக்கொண்டார். சீனியர் ஆட்டங்களுக்குப் பையன்களைக் கூடவே அழைத்துப் போவார், தண்ணீர் தூக்கவாவது. சீனியர் யாருக்காவது வயிற்றுவலி என்று தெரிந்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அந்த வருடம், அதாவது சட்டம் முப்பது ஏக்கரைப் பதினைந்தாகக் குறைத்ததற்கு மறு வருடம், அவர் கவலையெல்லாம் வேம்புவைப் பற்றித்தான். வயது பத்தொன்பது. தெற்குத் தெருக் காத்தாயியின் மூத்த மகன். அவன் ஓடிவந்து பந்தைப் போட்டால் மேட்டில் பட்டதும் சீறும். கீப்பர் என்ற முறையில் செல்லதுரையின் உள்ளங்கைகளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் சீனியர் அணியில் அவன் பன்னிரண்டாவது ஆள். போன வருடமும் பன்னிரண்டாவது ஆள்.

காத்தாயி ஒருநாள் வாய்க்கால் கரையில் செல்லதுரையை மறித்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்வரிசையில் கொடி பிடிக்கிறவர். கூலிப் பேச்சுவார்த்தைகளில் மிராசுதார்களே அவர் வாய்க்குப் பயப்படுவார்கள்.

“ஏன் தம்பி, இவனைத் தண்ணி தூக்கவா வளர்த்தேன்? தஞ்சாவூர் ரைஸ் மில்லுல ஆள் கேக்கறாங்க. வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள இவன் பெரிய செட்டுல ஆடணும். இல்லன்னா மில்லுக்குப் போகணும்.”

“ஆடுவான் அக்கா.”

“எப்புடி?”

அதுதான் செல்லதுரைக்கும் தெரியவில்லை.

தடையாக இருந்தவர் நாகேஸ்வரன். ஐம்பது தாண்டிய மிராசுதார், சீனியர் அணியின் தலைவர். முதலில் மட்டை பிடிப்பது அவர். புதுப் பந்தை வீசுவது அவர். கீப்பருக்குப் பக்கத்தில், முதல் ஸ்லிப்பில் நிற்பதும் அவர், பந்து வீசாத நேரத்தில். மட்டைகளும் மேட்டும் அவருடையவை என்பதால் கேட்க ஆளில்லை. கெட்டவர் இல்லை. அவர் வாயில் செல்லதுரை சின்ன வயதில் “டா”வாக இருந்தவர், தஞ்சாவூர் ஆபீஸுக்கு வேலைக்குப் போனதும் “ப்பா” ஆகிவிட்டார்; அந்த அளவுக்குக் காலத்தோடு ஒத்துப்போகிறவர்தான் நாகேஸ்வரன். பந்தை மட்டும் தரமாட்டார்.

அவருக்கும் அந்த மாதம் உச்சவரம்பு நோட்டீஸ் வந்திருந்தது. அதற்காக அவர் கலங்கவில்லை. மைத்துனர் பேரில் கொஞ்சம், கார் ஓட்டுகிற துரைராசு பேரில் கொஞ்சம், பண்ணையாட்கள் பேரில் மிச்சம் என்று எழுதிவைத்துவிட்டு வழக்கம்போல வெற்றிலை போட்டார். பேர்தான் மாறியது. நெல் பழைய களத்துக்கே வந்தது.

அந்த நோட்டீஸைத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் செல்லதுரைக்கு யோசனை வந்தது. கிளப்பின் வருடாந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நிலத்துக்கு இருக்கற மாதிரி நம்ம கிளப்புக்கும் ஒரு உச்சவரம்பு வேணும். தலைவர் பதவி நீங்கலாக, ஒருத்தர் கையில ரெண்டு பாத்தியதைக்கு மேல இருக்கக் கூடாது. முதல்ல மட்டை பிடிக்கறது ஒண்ணு, புதுப் பந்து ஒண்ணு, ஸ்லிப் ஒண்ணு. மிச்சம் உபரி. உபரியை இல்லாதவங்களுக்குக் கொடுக்கணும்.”

இராஜாங்கம் வாத்தியார், “நான் ஆதரிக்கிறேன்” என்று கத்தினார். அவருக்கு ஜூனியர்கள் மேல் பாசம் எதுவும் கிடையாது. நாகேஸ்வரனோடு சேர்ந்து முதலில் மட்டை பிடித்து, அவர் ஓட மறுத்ததால் ரன் அவுட் ஆகியே வயதைக் கழித்த மனிதர் அவர். மற்ற சீனியர்களுக்கும் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. கைகள் படபடவென்று உயர்ந்தன.

நாகேஸ்வரன் சிரித்தார். அவர் வீட்டு வாசலில் முந்தின வாரம்தான் சங்கத்தின் ஊர்வலம் வந்து போயிருந்தது. “நான் சட்டத்துக்கு விரோதமா நடக்கறவனா? மட்டையும் ஸ்லிப்பும் எனக்கு. பந்தை விட்டுட்டேன்” என்றார்.

செல்லதுரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கை பழக்கம் விடவில்லை. “பந்து வீசறவருக்கு அடிபட்டா மட்டும் தலைவர் எடுத்துக்கலாம்” என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். விதிவிலக்கு இல்லாத விதி அவருக்கு ஒரு கால் இல்லாத நாற்காலி மாதிரி ஆடும்.

உபரிப் பந்து மறுநாளே மைத்துனர் கல்யாணராமன் பேருக்குப் போயிற்று. அவர் சென்னையில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருப்பவர். கோடை விடுமுறைக்கு மாம்பழம் சாப்பிட வந்திருந்தார். பயிற்சியில் அவர் வீசிய முதல் பந்து, களத்து மேட்டில் நின்றுகொண்டிருந்த எருமைக்கு அருகில் விழுந்தது. இரண்டாவது பந்து எருமையின் மேலேயே விழுந்தது.

“அத்திம்பேர், எனக்குக் கையெழுத்துப் போடற வேலைன்னுதானே சொன்னேள்?” என்று தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நிலம் யார் பேரில் இருந்தாலும் விளையும். பந்தை யாராவது வீசியாக வேண்டும் என்பதை நாகேஸ்வரன் அன்றுதான் கண்டுகொண்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கும்பகோணத்து அணியோடு தஞ்சாவூரில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு வேம்புவைச் சேர்த்தார். புதுப் பந்து வேம்பு பேரில்.

செல்லதுரைக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டத்தன்று காலை பஸ்ஸில் வேம்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு கேட்கும் வரைக்கும்.

“அண்ணே, நான் எந்தக் கால்ல நொண்டட்டும்?”

“என்னது?”

“ஒரு ஓவர் போட்டுட்டு, கால் பிசகிடுச்சுன்னு நொண்டச் சொல்லியிருக்காரு ஐயா. அப்புறம் பந்தை அவரு எடுத்துக்குவாராம். உங்க விதியிலயே இருக்காமே?”

செல்லதுரை ஜன்னல் வழியே வெண்ணாற்றைப் பார்த்தார். மணலாகக் கிடந்தது. “நீ என்ன சொன்னே?”

“சரின்னேன். ஒரு ஓவராவது கிடைக்குதே.”

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“அது இன்னிக்குத் தஞ்சாவூருக்குச் சங்கத்து ஆர்ப்பாட்டத்துக்கு வருது. முடிஞ்சதும் மைதானத்துக்கு வந்து பாக்குமாம். நான் ஆடலேன்னா சாயங்காலமே மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிடும்.” பிறகு அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “நொண்டிக்கிட்டுப் போனா மில்லுல சேப்பாங்களாண்ணே?”

மைதானத்தில் கும்பகோணத்துக்காரர்கள் முதலில் மட்டை பிடித்தார்கள். நாகேஸ்வரன் பந்தைத் துடைத்து, ஊரறிய, “இந்தாடா வேம்பு, உன் பாத்தியதை” என்று நீட்டினார். பிறகு தன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஸ்லிப்பில் போய் நின்றார். ஸ்லிப்பை அவர் வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஓட வேண்டாம், கீப்பரோடு பேசிக்கொண்டிருக்கலாம். அங்கே அவர் கேட்ச் பிடித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

வேம்பு ஓடிவந்தான். முதல் பந்து பேட்ஸ்மேனின் மூக்குக்கு முன்னால் போனது. அடுத்தது மட்டைக்கும் காலுக்கும் இடையே புகுந்து செல்லதுரையின் கையைச் சுட்டது. ஒவ்வொரு பந்தும் அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மிச்சத்தை எண்ணவும் வைத்தது. இன்னும் நாலு, இன்னும் மூன்று, அப்புறம் நொண்டல். அவர் எழுதிய நொண்டல்.

“பிரமாதமாப் போடறான் இல்லே?” என்றார் நாகேஸ்வரன், ஸ்லிப்பில் இடுப்பில் கை வைத்தபடி.

“ஆமாங்க. விட்டுடலாமே, போடட்டும்.”

“விதின்னு ஒண்ணு இருக்கேப்பா” என்று கண்ணடித்தார்.

ஓவரின் கடைசிப் பந்து. நல்ல அளவில் விழுந்து வெளியே திரும்பியது. மட்டையின் விளிம்பில் டக்கென்ற சத்தம். பந்து செல்லதுரைக்கும் ஸ்லிப்புக்கும் நடுவில் வந்தது. அது கீப்பரின் பந்து. தூக்கத்தில்கூட அவர் கை தானாக அதன் பக்கம் போகும். போகவும் தொடங்கியது.

அந்த இமைக்கும் நேரத்தில், இது நாகேஸ்வரன் கைக்குப் போனால் என்ன என்று தோன்றியது. கையை இழுத்துக்கொண்டார்.

இழுத்த பிறகுதான், நாகேஸ்வரன் அதுவரை எல்லாவற்றையும் தவறவிட்டவர் என்பது நினைவுக்கு வந்தது.

பந்து நாகேஸ்வரனின் தொப்பையில் மொத்தென்று பட்டது. அவர் “ஐயோ” என்று குனிந்து, வலித்த இடத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். பொத்திய கைகளுக்குள் பந்து இருந்தது. அம்பயர் விரலைத் தூக்கினார். நாகேஸ்வரன் முதலில் அம்பயரைப் பார்த்தார், பிறகு தன் கைகளைத் திறந்து பார்த்தார், யாரோ குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனது மாதிரி.

“பிடிச்சுட்டேன்! செல்லதுரை, பாத்தியா? பிடிச்சுட்டேன்ப்பா!”

“என்ன வேகம் ஐயா, எனக்குக் கையே போகலைங்க” என்றார் செல்லதுரை.

“கீப்பர் தூங்குறாருய்யா!” என்று எல்லையில் இருந்து ஒரு குரல் வந்தது. செல்லதுரை அதைக் கேட்காத மாதிரி கையுறையைச் சரிசெய்தார்.

சொன்ன சொல் தவறாத பிள்ளை வேம்பு. இதற்குள் இடது காலை இழுத்து இழுத்து நொண்டியபடி தலைவரிடம் வந்துவிட்டான். “ஐயா, கால்...”

“காலுக்கு என்னடா?”

“பிசகிடுச்சுங்க. நீங்கதானே...”

நாகேஸ்வரன் பந்தைப் பார்த்தார். ஸ்லிப்பைப் பார்த்தார். பந்தை எடுத்துக்கொண்டால் ஸ்லிப்பில் நிற்க முடியாது. வேறு எவனோ நின்று பிடிப்பான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு முடியாது என்பதை இத்தனை வருடத்தில் அவர் யோசித்ததே இல்லை.

“உஸ்! ஒழுங்கா நட. இன்னொரு ஓவர் போட்டுட்டு நொண்டு” என்றார் அடிக்குரலில்.

இன்னொரு ஓவர் முடிந்ததும் வேம்பு வலது காலை இழுத்துக்கொண்டு வந்தான். “போன தடவை அந்தக் கால்டா, அசடு” என்று திட்டு வாங்கித் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு நாகேஸ்வரன் இரண்டு கேட்சை நழுவவிட்டார், ஒன்றைத் தொடையிடுக்கில் பிடித்தார். பிடித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார். கும்பகோணத்துக்காரர்கள் சாப்பாட்டு வேளைக்கு முன்பே சுருண்டுவிட்டார்கள்.

வெண்ணிமங்கலம் ஜெயித்து, எல்லோரும் மரத்தடியில் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது காத்தாயி வந்தார். தோளில் சிவப்புக் கொடி, கோஷம் போட்டுக் கட்டிய தொண்டை. வேம்புவின் சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்தார்.

“ஆடுனியா?”

“ஆடுனேன்மா.”

“இன்னிக்கு மட்டுமா, எப்பவுமா?” அவர் வேம்புவை விட்டுவிட்டு நேரே நாகேஸ்வரனிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க ஐயா.”

“என்ன காத்தாயி, எழுதித் தரணுமா?” என்று சிரித்தார் நாகேஸ்வரன். தொப்பையில் பந்து பட்ட இடத்தை இன்னும் தடவிக்கொண்டிருந்தார்.

“எழுத்தெல்லாம் வேணாங்க. எங்க வீட்டுக்காரரு பேர்ல நீங்க எழுதுன ரெண்டு ஏக்கரை நாங்க இன்னும் பாக்கலை. நாலு பேரு காதுல விழற மாதிரி வாயால சொல்லுங்க.”

கல்யாணராமன் சோடாவில் புரையேறி இருமினார். இராஜாங்கம் வாத்தியார் அதைக் காதுகுளிரக் கேட்டார். நாகேஸ்வரனின் முகம் ஒரு கணம் சிவந்தது. ஆனால் கையில் இன்னும் அந்தக் கேட்சுகளின் சூடு இருந்தது போலும்.

“இனிமே புதுப் பந்து வேம்புவோடது. நான் ஸ்லிப்புல நிப்பேன். போதுமா?”

“அடிபட்டா?” என்றார் வாத்தியார்.

எல்லோரும் செல்லதுரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். “நீங்கலாக” என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எச்சிலோடு விழுங்கிவிட்டார்.

“அடிபட்டா ஜூனியர்ல இருந்து ஒருத்தன் போடுவான்” என்றார்.

காத்தாயி கொடியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “அப்ப சரி. மில்லுக்காரருகிட்ட ஆள் அனுப்பறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இவனுக்குப் பதிலா சின்னவனை அனுப்பிடறேன்.”

காத்தாயி அதோடு நடையைக் கட்டினார். சின்னவன் மருதையன் இடக்கை ஆட்டக்காரன். ஜூனியர் அணியில் அவனைப் போல மட்டை பிடிக்க ஆளில்லை. செல்லதுரை சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, காத்தாயியின் பின்னால் பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடினார்.

“அக்கா! கொஞ்சம் நில்லுங்க அக்கா!”